டர்போவைக் கழற்றும் முன் காற்றைக் கட்டிப் பாருங்கள்

லாரிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 2014-ஆம் ஆண்டு மாடல் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று உள்ளது. பி.எஸ். 3 மாசு விதிப்படி வந்த வண்டி, எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு ஏதுமில்லாத பழைய இன்லைன் டீசல் பம்ப். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரத்துக்குப் போய், திரும்பும்போது வெங்காயம் ஏற்றி வருகிறோம். ஆறு மாதத்துக்கு முன்புவரை தொப்பூர் மேட்டை நான்காவது கியரில் ஏறிய வண்டி, இப்போது அதே லோடுக்கு மூன்றாவதிலேயே திணறுகிறது. முதலில் புகை இல்லை. இழுவை மட்டும்தான் குறைந்தது. மெக்கானிக் பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அதிலிருந்து மேட்டில் கரும்புகை தள்ளுகிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்றரைக்கு இறங்கிவிட்டது. நாசில்களை மாற்றினேன். டர்போவைக் கழற்றி, அதன் உள்ளே சுழலும் பகுதியான கோரை மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான். இப்போது இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: இறக்க வேண்டாம். அந்த முடிவை இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வந்த வரிசைப்படி வைத்துப் பார்த்தால், டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று இன்ஜினுக்குள் போய்ச் சேர்வதற்கு முன் வழியில் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

முதலில் இழுவை குறைந்தது, புகை இல்லை என்கிறீர்கள். உங்கள் வண்டியின் பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு மேலே தட்டையான ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் ரப்பர் டயாஃப்ரம் ஒன்று உண்டு. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டிலிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் அந்த மூடிக்கு வருகிறது. டர்போ காற்று ஏற ஏற டயாஃப்ரம் அழுந்தி, பம்பை அதற்கேற்ப டீசல் கூட்டிக் கொடுக்க அனுமதிக்கிறது. காற்று வரவில்லையென்றால் டீசலையும் கொடுக்க விடாது. ஆகவே காற்று கசியும் வண்டியில் இந்த அமைப்பு ஒழுங்காக இருக்கும்வரை, புகை இல்லாமல் இழுவை மட்டும் குறையும். உங்கள் மெக்கானிக் டீசலைக் கூட்டியது இந்தக் காவலைத் தாண்டிச் செய்த வேலை. இருக்கும் குறைந்த காற்றுக்கு அதிக டீசல் போனால், எரியாத மிச்சம் புகையாகத்தான் வரும். மைலேஜும் அதன் வழியேதான் போகிறது.

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 12 கிலோ காற்று தேவை. கன அளவில் சொன்னால் அது பத்தாயிரம் லிட்டர். வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி பத்து நிறைய. இது ரசாயனக் கணக்கு மட்டுமே. புகையில்லாமல் எரிய இதற்கு மேலும் வேண்டும். நாம் பம்பில் அரைச் சுற்று திருகும்போது டீசலை மட்டும் கூட்டுகிறோம். காற்றைக் கூட்டித் தரும் திருகு எந்தப் பம்பிலும் கிடையாது.

அந்த மெல்லிய குழாய் மட்டுமே விரிசல் விட்டிருந்தாலும் இழுவை குறையும் என்பதால், முதலில் அதைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் பழுது அதோடு நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. குழாய் மட்டும் கெட்டிருந்தால், டீசலைக் கூட்டியதும் மேட்டில் இழுவை திரும்பியிருக்கும். வண்டியை நகர்த்தும் நேரத்தில் சற்றுப் புகைத்தாலும், டர்போ முழு வேகம் எடுத்த பிறகு புகை அடங்கியிருக்கும். உங்கள் வண்டியோ முழு லோடில், மேட்டின் நடுவில், தொடர்ந்து புகைக்கிறது. அப்படியானால் காற்று பெரிய குழாயிலேயே போகிறது.

இன்னொரு தடயத்தையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். கோர் மாற்றியதும் ஒரு வாரம் நன்றாக ஓடியது என்கிறீர்கள். டர்போவைக் கழற்றி மாட்டும்போது அதன் ஹோஸ்களையும் கழற்றி, திரும்ப மாட்டி, கிளாம்புகளை இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கம் ஒரு வாரம் தாங்கியது. சூடும் அதிர்வும் சேர்ந்து மறுபடி தளர்த்திவிட்டன. உங்களுக்கு அந்த ஒரு வார இழுவையைக் கொடுத்தது புதுக் கோர் அன்று, இறுக்கிய கிளாம்ப்தான் என்பது என் ஊகம்.

இனி சோதனை. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, காபினைத் தூக்கி, ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸை டர்போ வாயில் கழற்றுங்கள். அந்த வாயின் அளவுக்கு ஒரு மூடியை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அலுமினியமோ நைலானோ போதும். அதில் ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றையும் சிறிய பிரஷர் கேஜ் ஒன்றையும் பொருத்தி, ஒரு துண்டு ஹோஸும் இரண்டு கிளாம்பும் போட்டு டர்போ வாயில் இறுக்கிவிட்டால் சோதனைக் கருவி தயார். இந்தக் கருவி இல்லாமல் டர்போ வேலை செய்யும் பட்டறைகளை நான் இன்றும் பார்க்கிறேன். ஒரு கோர் விலையில் பத்துக் கருவி செய்துவிடலாம்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அணைத்திருக்க வேண்டும். காற்றைக் கட்டாயமாக ரெகுலேட்டர் வழியாகவே விட வேண்டும். உங்கள் வண்டியின் பிரேக் டேங்கில் 8 பார் அளவுக்குக் காற்று இருக்கும். அதை நேரே திறந்துவிட்டால் மூடி பீரங்கிக் குண்டாகப் பறக்கும். 1 பார், அதாவது டயர்க் கணக்கில் 14.5 பவுண்டு, இந்தச் சோதனைக்குப் போதும்; எக்காரணம் கொண்டும் ஒன்றரைப் பாரைத் தாண்டாதீர்கள். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். இன்ஜின் அடிக்கூட்டின் காற்றை வெளியே விடும் கிரேங்க் கேஸ் ப்ரீதர் குழாய் டர்போவுக்கு முந்தைய ஹோஸில் இணைந்திருக்கும் வண்டிகளில் அந்த வழியை அடைத்துவிட வேண்டும். மறந்தால் காற்று அடி எண்ணெய்த் தொட்டிக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

முள் ஏறியதும் அங்கேயே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏதாவது ஒரு சிலிண்டரில் இன்லெட் வால்வு திறந்திருக்கும். பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும், வால்வுகள் இரண்டும் சற்றே திறந்திருக்கும் நிலையில் சைலன்சர் வழியாகவும் போகும். அது பழுதன்று. சைலன்சரில் சத்தம் அதிகமாகக் கேட்டால் காற்றை விடுவித்துவிட்டு, கிரேங்கைச் சற்றுத் திருப்பி வைத்து மறுபடி ஏற்றுங்கள்.

பிறகு ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீர் பாட்டிலில் கலக்கி, மூடியில் துளையிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் பீய்ச்ச வேண்டும். டர்போ வெளிவாய், சூடான காற்றை ஆற்றித் தரும் இன்டர்கூலருக்குள் நுழையும் ஹோஸ், வெளியே வரும் ஹோஸ், மேனிஃபோல்டு வாய், மேனிஃபோல்டு பேக்கிங், பம்புக்குப் போகும் மெல்லிய குழாய் என்று காற்று போகும் வழியிலேயே போங்கள். சில வண்டிகளில் பிரேக் கம்ப்ரசர் தனக்கு வேண்டிய காற்றை மேனிஃபோல்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் குழாயை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

கண்ணால் பார்த்தேன், ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டறைக்கு ஒரு டிப்பர் இதே குறையோடு வந்தது. இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸ் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. கையால் அமுக்கினாலும் ஒன்றும் தெரியவில்லை. அரை பார் வரை சத்தமே இல்லை. முள் 0.8-ஐத் தொட்டபோது ஹோஸ் இலேசாக உப்பியது. உடனே அடியிலிருந்து ஷாம்பூ நுரை கொத்தாகப் பொங்கி, சேசிஸ் மேல் வழிந்தது. ஹோஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், ஒரு பிராக்கெட்டின் முனை உரசி உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி இழை வரை போய், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. காற்று இல்லாதபோது அதன் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொள்ளும். லோடு ஏறினால்தான் திறக்கும். காலி வண்டியில் ஓட்டிப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று மூன்று பேர் அந்த ஓட்டுநரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

பழைய கசிவாக இருந்தால் ஷாம்பூவுக்கு முன்பே ஒரு அடையாளம் தெரியும். டர்போவிலிருந்து மிகச் சிறிதளவு எண்ணெய் ஆவி காற்றோடு எப்போதும் வந்துகொண்டிருக்கும். அது கசியும் இடத்தில் வெளியேறி, சாலைத் தூசியைப் பிடித்துக்கொண்டு, ஈரமான கறுப்புத் திட்டாகப் படிந்திருக்கும். வண்டியைக் கழுவிய பிறகு சோதனைக்குக் கொண்டுவருவதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

ஹோஸ்கள் எல்லாம் சரியாக இருந்தால் இன்டர்கூலரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதன் இரு வாய்களையும் மூடி, மூடிகள் தெறித்துவிடாதபடி சங்கிலியால் கட்டி, 2 பார் வரை ஏற்றி, காற்றை அடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இன்டர்கூலரில் மிகச் சிறு கசிவைக் கம்பெனிகளே ஏற்றுக்கொள்கின்றன. 15 விநாடியில் முள் அரை பாருக்கு மேல் இறங்கினால் அது மாற்ற வேண்டிய இன்டர்கூலர் என்று வைத்துக்கொள்ளலாம்; உங்கள் இன்ஜின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. வெடிப்பு பெரும்பாலும் குழாய்கள் பக்கத் தொட்டியோடு சேரும் ஓரத்தில்தான் வரும்.

இங்கேயும் கசிவு இல்லையென்றால் மட்டும் சைலன்சர் பக்கம் போங்கள். இன்ஜினுக்கும் டர்போவுக்கும் இடையே எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் போயிருந்தால், டர்போவைச் சுழற்ற வேண்டிய வாயு வழியிலேயே வீணாகி, காற்று அழுத்தம் குறையும். அந்த இடத்தில் கரி படிந்த விசிறி போன்ற கறை காட்டிக்கொடுக்கும். அதிகப்படி வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவு மூடாமல் திறந்தே நின்றாலும் இதே விளைவுதான்.

கசிவோடு ஓட்டினால் இழுவையும் டீசலும் மட்டும் போவதில்லை. காற்று குறைந்து டீசல் கூடும்போது சைலன்சர் வாயுவின் சூடு ஏறுகிறது. டர்பைனுக்கு முன்னால் அது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினால் மேனிஃபோல்டும் பிஸ்டன் தலையும் பாதிக்கப்படும். வெளியேறும் காற்றை ஈடுகட்ட டர்போவும் கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. அது ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டி ஓடும் பொருள். நீங்கள் போட்ட புதுக் கோர் கெடாமல் இருக்க வேண்டுமானாலும் இந்தக் கசிவை அடைத்தாக வேண்டும்.

அடைக்கும்போது ஹோஸைத் தரமாக வாங்குங்கள். 1.2 பார் அழுத்தத்தில் நம் ஊர் வெயிலுக்கு டர்போ வெளிவாயில் காற்றின் சூடு 140 டிகிரியை எட்டும். சாதாரண ரேடியேட்டர் ஹோஸ் அங்கே சில வாரங்களில் இறுகி வெடிக்கும். சூடான பக்கத்துக்குத் துணி அடுக்குகள் கொண்ட சிலிக்கான் ஹோஸ் வேண்டும். அதிலும் உட்புறம் எண்ணெய் தாங்கும் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் வெறும் சிலிக்கான் எண்ணெயை உள்வாங்கி வெளியே வியர்க்கும். குழாயின் வாயில் ஒரு வளைய மேடு இருக்கும். பழைய ரப்பர்ப் பிசிரையும் எண்ணெயையும் துடைத்துவிட்டு, ஹோஸை அந்த மேட்டைத் தாண்டித் தள்ளி, கிளாம்பை மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வைக்க வேண்டும். மேட்டின் மேலேயே கிளாம்ப் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு வரும். திருகிழை கிளாம்பைத் தவிர்த்து, போல்ட் உள்ள அகலக் கிளாம்பைப் போடுங்கள். வில் வைத்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஹோஸ் சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கும்போது அது தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் லோடு போய் வந்து இன்ஜின் ஆறிய பின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள். பிராக்கெட் உரசியதுதான் காரணமென்றால் பிராக்கெட்டை வளைத்து இடைவெளி கொடுக்காமல் புது ஹோஸ் போடுவது வீண் செலவு.

வெடித்த அலுமினிய இன்டர்கூலரை ஆர்கான் வெல்டிங் செய்து தருவார்கள். ஓரிடத்தில் வெடித்திருந்தால் செய்து பார்க்கலாம். பல இடத்தில் இருந்தால் பக்கத்து இணைப்புகள் வெல்டிங் சூட்டில் விட்டுவிடும் என்பதால் நான் புதிதையே சொல்வேன். பசை வைத்து அடைப்பதை விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கட்டாயம் பம்பைக் கடையில் கொடுத்து, பெஞ்சில் ஏற்றி, டீசல் அளவைப் பழைய கணக்குக்குக் கொண்டுவாருங்கள். முழுக் காற்றும் திரும்பி வந்த வண்டியில் கூட்டி வைத்த டீசலும் சேர்ந்தால் வண்டி பிரமாதமாக இழுக்கும், ஓட்டுநர் மகிழ்வார், சூடு இன்ஜினைத் தின்றுவிடும். இறுதியாக, மேனிஃபோல்டில் ஒரு ‘T’ வடிவ இணைப்புப் போட்டு, நைலான் குழாய் வழியாகக் காபினுக்குள் 4 பார் கேஜ் ஒன்றைக் கொண்டுவந்து, லோடோடு தொப்பூர் ஏறுங்கள். முள்ளைப் பார்ப்பது ஓட்டுநரின் வேலையாக இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். இந்த வகை வண்டிகளில் முழு லோடில் 1 பாருக்கும் ஒன்றரைப் பாருக்கும் இடையில் முள் நிற்க வேண்டும். அரை பாரிலேயே நின்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் வண்டி 2021 மாடல், பி.எஸ். 6. புகை துளியும் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை நடந்த சைலன்சர் ரீஜெனரேஷன் (உள்ளே சேர்ந்த கரியை வண்டி தானே எரிப்பது) இப்போது தினமும் நடக்கிறது. செக் லைட் எரிகிறது. ஸ்கேனரில் ‘இன்டேக் பிரஷர் குறைவு’ என்று வருகிறது. டர்போ காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சரை மாற்றியும் அதே எண்தான் வருகிறது. சைலன்சருக்குள் இருக்கும் ஃபில்டரையே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.
– கரூர் வாசகர்

பதில்: 2020 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் பி.எஸ். 6 வண்டிகளில் புகையைப் பார்த்துப் பழுதைச் சொல்லும் பழைய வழக்கம் செல்லாது. காற்று குறைந்தால் கரி உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அது சைலன்சருக்குள் இருக்கும் டி.பி.எஃப். ஃபில்டரில் சிக்கிக்கொள்வதால் உங்கள் கண்ணுக்கு வருவதில்லை. ஃபில்டர் விரைவாக நிரம்புகிறது. வண்டி அதில் சிக்கிய கரியை அடிக்கடி எரிக்கிறது. தினசரி ரீஜெனரேஷன்தான் உங்கள் வண்டியின் கரும்புகை.

சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புதிதை வாங்குவதற்கு முன் செலவில்லாமல் அதைச் சோதித்திருக்கலாம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் வெளிக்காற்று அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். டர்போ சுழலாத அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கரூரில் ஏறத்தாழ 1 பார், பெங்களூரு உயரத்தில் 0.9-ஐ ஒட்டி. இரண்டும் ஒத்துப் போனால், நின்ற நிலையிலாவது சென்சர் பொய் சொல்லவில்லை. பழுதைக் காற்று வழியில் தேட வேண்டும். மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்ன ஷாம்பூ சோதனையே உங்களுக்கும்; உங்கள் வண்டியில் ப்ரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் இணைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை அடைக்க மறக்க வேண்டாம். இழுத்துப் பூட்டும் வகை இணைப்புகளில் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கையும், எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் இணைப்புகளையும் கூடுதலாகப் பாருங்கள்.

கசிவை அடைத்து, ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீட்டை அழித்து, ஒருமுறை முழு ரீஜெனரேஷன் செய்யுங்கள். ஃபில்டரை எடுக்கும் பேச்சே வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, காற்றுக் கசிவு அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த சாட்சியை மட்டும் அப்புறப்படுத்துவதாகும்.

கேள்வி: சொந்த வண்டி இல்லை, ஓட்டுநராக இருக்கிறேன். சில நாளாக வண்டியில் புதிதாக ஒரு விசில் சத்தம். டர்போ போகப் போகிறதா?
– சங்ககிரி வாசகர்

பதில்: எல்லா டர்போவும் விசிலடிக்கும், ஆக்சிலரேட்டரோடு சீராக ஏறி இறங்கும் அந்தச் சத்தத்தைக் காது பழகிவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. லோடில் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று வந்து, காலை எடுத்தவுடன் அறுந்து நின்றால் அது காற்றுக் கசிவு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ‘சக் சக்’ என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால் எக்சாஸ்ட் பேக்கிங். இரும்பில் இரும்பு உரசும் கீச்சொலி இருந்தால் மட்டும் வண்டியை ஓரங்கட்டி முதலாளிக்குத் தகவல் சொல்லுங்கள். இறக்கை உடைந்து, எண்ணெய் இன்ஜினுக்குள் போனால் சாவியை எடுத்தும் அணையாமல் இன்ஜின் தானே வேகமெடுத்து ஓடும் ஆபத்து உண்டு.

வழியில் ஹோஸ் வெடித்துவிட்டால், பழைய லாரி ட்யூபைப் பட்டையாக வெட்டி இறுகச் சுற்றி, இரண்டு கிளாம்பு போட்டுப் பட்டறை வரை போகலாம். இது காலங்காலமாக உள்ள கைவைத்தியம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் பாதி ஆக்சிலரேட்டரைத் தாண்டாமல் ஓட்டுங்கள், மறுநாளும் அதையே நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

கேள்வி: இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. டர்போ சீல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: எவ்வளவு எண்ணெய் என்பதைப் பொறுத்தது. விரலால் தொட்டால் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால் அது இயல்பு. ஹோஸைக் கவிழ்த்தால் ஒழுகுகிறது என்றால் பழுது. ஆனால் அப்போதும் டர்போ மட்டுமே குற்றவாளி என்று முடிவு செய்ய வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் டர்போ தன் சீல் வழியாகவே எண்ணெயை உறிஞ்சும். டர்போவிலிருந்து எண்ணெய் கீழே இறங்கும் குழாய் நசுங்கியிருந்தாலும், ரிங் தேய்ந்து கிரேங்க் கேஸில் அழுத்தம் கூடியிருந்தாலும் எண்ணெய் இறங்க வழியில்லாமல் மேலே வரும். இந்த மூன்றையும் பார்த்த பிறகு டர்போவின் தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். இறக்கை சுவரைத் தொடக் கூடாது, முன்னும் பின்னும் அசைவது கைக்குத் தெரியக் கூடாது. டர்போ மாற்றத்தான் வேண்டும் என்றால், இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய எண்ணெயைச் சுத்தமாக வடித்த பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறேன். வண்டி நன்றாக இழுக்கிறது. கரும்புகை இல்லை, பூஸ்ட் கேஜும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு முறை இன்ஜின் எண்ணெய் குடித்து, ரிங் மாற்றிவிட்டேன். இதற்கும் டர்போவுக்கும் தொடர்பு உண்டா?
– திருச்செங்கோடு வாசகர்

பதில்: டர்போவுக்கு முன்னால் உள்ள ஹோஸோடு தொடர்பு இருக்கலாம். டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் காற்று வெளியே போகும். முன்னால் கசிந்தால் ஃபில்டரைத் தொடாத காற்று உள்ளே வரும். இழுவை குறையாது, முள் குறையாது, எந்த விளக்கும் எரியாது. போர் போடும் இடத்தில் வருவதோ பாறைத் தூள். அது எண்ணெயோடு கலந்து ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, டார்ச் அடித்து உட்புறத்தைப் பாருங்கள். ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஈரத் துணியால் துடைத்தாலும் தூசி வரக் கூடாது. ஒரு பக்கமாக விசிறியடித்தாற்போல் மண்படலம் தெரிந்தால், அது எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. பிறகு டர்போ இறக்கைகளின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக இருக்க வேண்டிய முன்விளிம்பு மழுங்கிப்போய், தேய்ந்து மங்கலாக இருந்தால், எவ்வளவு தூள் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்தப் பக்கத்தைச் சோதிக்கும்போது ஓடும் இன்ஜினில் பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ அடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. டீசல் இன்ஜின் அதை எரிபொருளாக எடுத்துக்கொண்டு வேகமெடுக்கும், செய்யாதீர்கள். அதே மூடியை ஃபில்டர் கூட்டின் பக்கம் பொருத்தி, கால் பாருக்கும் குறைவான காற்றில் ஷாம்பூ பீய்ச்சினால் போதும். ஃபில்டர் கூட்டின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஃபில்டரைத் தட்டிப் போடும்போதும் அதுதான் முதலில் நசுங்குகிறது.